தொடை எலும்பும் இடுப்பெலும்பும் ஒட்டிக்கொண்டு வருகின்றனவா?

கேள்வி: அண்ணா, நான் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டு வேலைக்காக ஒரு சிடி ஸ்கேனிலிருந்து தொடை எலும்பை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். 3டி ஸ்லைசர் என்ற மருத்துவப் பட மென்பொருளில் திரெஷோல்ட் போட்டால், அதாவது குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்கு மேலுள்ளதை மட்டும் எடுக்கச் சொன்னால், இடுப்பெலும்பும் சேர்ந்தே வருகிறது. சிசர்ஸ் என்ற வெட்டும் கருவியால் வெட்டினால் இரண்டுமே சிதைகின்றன. போதாததற்கு, மூன்று ஜன்னல்களில் எது எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை.

பதில்: தங்கச்சி, கடைசியில் கேட்டதை முதலில் சரிசெய்வோம். பினாங்கில் என்னிடம் இந்த வேலை பழக வருகிறவர்களை முதல் நாள் பெயிண்ட் என்ற வரையும் கருவியின் பக்கமே விடமாட்டேன், மவுஸைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் சுற்றிவரச் சொல்வேன். சிவப்பு ஜன்னல் உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டுவது, பச்சை முன்னிருந்து பார்ப்பது, மஞ்சள் பக்கவாட்டில். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சிவப்பில் தொடை எலும்பின் தலைமேல் மவுஸை நகர்த்துங்கள், மற்ற இரண்டும் அதே புள்ளிக்கு ஓடி வரும். அவ்வளவுதான், இனி தொலைந்துபோக மாட்டீர்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குறுக்குவெட்டை நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதாகவே காட்டுவார்கள், அதனால் அவருடைய வலது கால் உங்களுக்கு இடப்பக்கம் தெரியும்.

சரி, எலும்புகள் ஏன் ஒட்டுகின்றன? வால்யூம்ஸ் பகுதியில் இமேஜ் ஸ்பேசிங் என்று மூன்று எண்கள் இருக்கும், அதைப் பாருங்கள். மூன்றாவது எண் அடுக்குக்கு அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது, அது 5 என்றிருந்தால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. சின்ன வயதில் குவே லாப்பிஸை அடுக்கடுக்காக உரித்துச் சாப்பிட்டிருப்பீர்களே, ஸ்கேனும் அப்படி அடுக்குகளால் ஆனதுதான். இடுப்பு மூட்டில் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அடுக்கு அதைவிடத் தடிமனாக இருந்தால் ஒரே கட்டத்துக்குள் எலும்பும் குருத்தெலும்பும் விழுந்து, இரண்டுக்கும் சராசரியாக ஒரு மதிப்பு வரும், அதையும் திரெஷோல்ட் எலும்பு என்றே எடுத்துக்கொள்ளும். திரெஷோல்டின் அளவை ஏற்றினால் இடைவெளி திறக்கும், ஆனால் தொடை எலும்புத் தலையின் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் பகுதி ஓட்டை ஓட்டையாகிவிடும், வயதானவர்களின் ஸ்கேனில் இன்னும் மோசம். அதனால் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ அடுக்கு உள்ள படம் கிடைக்குமா என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் இன்றே கேளுங்கள். அப்படி மெல்லிய அடுக்குகளை மறுபடி உருவாக்கத் தேவையான மூலத் தரவைப் பல இடங்களில் நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

இனி பிரிக்கும் வேலை. முதலில் கிராப் வால்யூமில் இடுப்பு மூட்டைச் சுற்றி மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். 512க்கு 512 அளவில் 500 அடுக்குகள் என்றாலே சுமார் 260 மெகாபைட், ஸ்லைசருக்கு அதைப்போல் பத்து மடங்கு நினைவகம் இருந்தால் நல்லது, மடிக்கணினி பாவம். அப்புறம் செக்மென்ட் எடிட்டரில் மூன்று செக்மென்ட்: தொடை எலும்பு, இடுப்பெலும்பு, மற்றவை. திரெஷோல்டில் கீழ் எல்லையை 200 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடி படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அலகு) அளவில் வைத்து (தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, தசை 50ஐ ஒட்டி), அப்ளை அழுத்தாமல் மாஸ்க் ஆகப் பயன்படுத்தும் பொத்தானை அழுத்துங்கள். இனி பெயிண்ட் பிரஷ் எலும்பை விட்டு வெளியே போகாது.

இப்போது விதை போட வேண்டும், அதாவது எது எந்த எலும்பு என்று ஸ்லைசருக்குக் காட்டும் சிறு கோடுகள். தொடை எலும்புத் தலையின் நடுவில் ஒரு கோடு, கழுத்தில் ஒன்று, தண்டில் ஒன்று. இடுப்பெலும்பில், தொடை எலும்புத் தலை உட்காரும் கிண்ணத்தின் கூரையிலும், முன்சுவரிலும், பின்சுவரிலும். மூன்று ஜன்னல்களிலும் கொஞ்சம் கொஞ்சம் போடுங்கள். சாயம் ஏற்றி எடுத்த ஸ்கேன் என்றால் மூட்டுக்கு முன்னால் தொடைத் தமனி வெள்ளையாக மின்னும், அதற்கு 'மற்றவை' விதை. பிறகு குரோ ஃப்ரம் சீட்ஸில் இனிஷியலைஸ். ஒவ்வொரு விதையும் பரவி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எல்லை விழும். முதல் தடவையே சரியாக வராது. பச்சை ஜன்னலில் மூட்டை முன்னிருந்து பின்வரை உருட்டிப் பார்த்து, எங்கே ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் கசிந்திருக்கிறதோ அங்கே சரியான நிறத்தில் ஒரு சிறு புள்ளி வையுங்கள், முன்னோட்டம் தானே திருந்தும். திருப்தி வரும்வரை அப்ளை அழுத்தாதீர்கள். அழுத்தினால் விதைகள் போய்விடும், முழு எலும்பு மட்டும் கையில் நிற்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு அழுத்திவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க அழிப்பானோடு உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் இருக்கும் துணுக்குகளை ஐலண்ட்ஸில் பெரிய தீவை மட்டும் வைத்துக்கொள்ளும் தேர்வு துடைத்துவிடும். ஸ்மூதிங் போடும்போது கவனம், பெரிய அளவு கொடுத்தால் கழுத்து மெலிந்து தெரியும், கிண்ணத்தின் விளிம்பு மழுங்கிப்போகும். சின்னதாகத் தொடங்குங்கள், போட்டபின் பழைய படத்தின்மேல் கோட்டை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் அந்த நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அப்படியே தெரிந்தன. அதை நான் அழித்துவிட்டேன். யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் டைகாம் கோப்பில் (ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் கோப்பு) அந்த விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள், தங்கச்சி.