கேளுங்கள் டாக்டரிடம்: "ஒரு வரிதானே, எழுதித் தரக் கூடாதா?"

கேள்வி: முதல் பிரசவம், இப்போது 33 வாரம். அக்கா பிரசவ வலியில் துடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததிலிருந்து சுகப்பிரசவம் என்றாலே எனக்குக் கை கால் நடுங்குகிறது. சிசேரியன் கேட்டேன். மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் கம்பெனி இன்ஷூரன்ஸில் பணம் வராது என்கிறார்கள். "கொடி சுத்தியிருக்குன்னு ஒரு வரி எழுதினா போதும்" என்கிறார் கணவர். டாக்டர் மறுக்கிறார். அதில் அவருக்கு என்ன நஷ்டம்?
- வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

பதில்: அவர் நஷ்டம் இருக்கட்டும், உங்கள் நஷ்டத்தைப் பாருங்கள். என் ஓ.பி.யிலும் இது நடப்பதுதான். மனைவி எடை பார்க்க எழுந்து போனதும் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேடம், ஏதாவது ஒரு ரீசன்..." என்பார்.

கழுத்தில் கொடியோடு சுகமாகப் பிறக்கிற குழந்தைகள் ஏராளம். அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சிலர் "இடுப்பெலும்பு குறுகல்" என்று எழுதச் சொல்வார்கள். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடும். அடுத்த பிரசவத்துக்கு நீங்கள் சென்னைக்குப் போனால், அங்குள்ள டாக்டர் அதைப் படித்துவிட்டு சுகப்பிரசவத்துக்கு முயலவே தயங்குவார். தேவையில்லாமல் இரண்டாவது ஆபரேஷன். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (பிளசென்டா) கருப்பையின் பழைய தழும்பில் ஒட்டி வளரும் ஆபத்து கூடுகிறது. பிரித்தெடுக்கும்போது ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அதனால்தான், "எத்தனை குழந்தை வேண்டும்?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

சிசேரியன் கேட்டதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எல்லாம் விளக்கிய பிறகும் அதுதான் வேண்டும் என்றால் "தாயின் விருப்பம்" என்று உள்ளதை எழுதிச் செய்யலாம். பணம் உங்கள் கையிலிருந்து. ஆனால் 39 வாரம் முடியட்டும். அதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். "37லேயே ரோகிணி வருதே" என்று பஞ்சாங்கத்தோடு வரும் மாமியார்களுக்கும் இதே பதில்தான். (கோபித்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போனவர்களும் உண்டு.)

உங்கள் விஷயத்தில் பயத்துக்குத்தான் முதலில் வைத்தியம். அக்காவுக்கு எபிடியூரல் கொடுத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்தினால் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். ராத்திரி 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்பதை இப்போதே விசாரியுங்கள். லேபர் வார்டை ஒருமுறை நேரில் பாருங்கள். அப்படியும் தூக்கம் வராத அளவுக்குப் பயம் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் எழுதுவது உண்மையான காரணம். அதை ஏற்பதும் மறுப்பதும் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையில்.

ஹெச்.ஆரிடம் பாலிசி விதியை எழுத்தில் வாங்குங்கள். சுகப்பிரசவத்துக்கு ஒரு தொகை, சிசேரியனுக்கு ஒரு தொகை என்று தனித்தனி வரம்பு இருக்கலாம். வலி வந்த பிறகு சிக்கலாகி ஆபரேஷன் செய்தால் அது மருத்துவக் காரணம்தான். அதையும் நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன். பெங்களூருவிலேயே ஆபீஸ் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

அடுத்த செக்கப்புக்குக் கணவரையும் உள்ளே கூட்டிப் போங்கள். எபிடியூரலோடு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு என்று இரண்டு எஸ்டிமேட் கேளுங்கள். ரூம் வாடகையும் குழந்தை டாக்டர் ஃபீஸும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.