பழைய போர்க்களத்தில் கிடக்கும் தோட்டாவை எடுத்தால் என்ன தப்பு?

மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடப்பதை மெட்டல் டிடெக்டர் வைத்து எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவின் மான்டனாவில் இருக்கும் லிட்டில் பிக்ஹார்னையே பாருங்கள், 1876 ஜூனில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படையை லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்கள் தோற்கடித்த இடம். 1983இல் புல் எரிந்து தரை வெறுமையாகிவிட, அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களோடு டிடெக்டர் பிடித்து வரிசையாக நடந்தார்கள். சத்தம் வந்த இடத்தில் ஒரு சின்னக் கொடி, அப்புறம்தான் தோண்டல், கிடந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்த பிறகே பொருள் கைக்கு வரும்.

ஏன் இவ்வளவு பொறுமை? துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் இடித்த தடம் கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. சுட்ட பிறகு மிஞ்சும் வெற்றுக் கூடுகள் ஒரே தடத்தோடு இரண்டு மூன்று இடங்களில் கிடைத்தால் அந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கோடு போட்டுவிடலாம். பழங்குடி வீரர்களிடம் ஹென்றி, வின்செஸ்டர் போன்ற தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் கணிசமாக இருந்ததைக் காட்டியதும் இந்தக் கூடுகள்தான். கஸ்டரின் ஆட்கள் வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்டோ ஒவ்வொரு முறையும் தோட்டா போட வேண்டிய ரகம். இடம் குறிக்காமல் உங்கள் பைக்குள் போன கூடு வெறும் உலோகத் துண்டு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காவாக உள்ள போர்க்களங்களில் அனுமதியின்றி இப்படித் தேடுவதே குற்றம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். பிரான்சின் வெர்டன் பக்கம் போனால் இன்னொன்று: முதல் உலகப்போர் குண்டுகள் இன்றும் வெடிக்கும், சிலவற்றில் விஷவாயு உண்டு, துரு ஏற ஏற ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.