கவுண்ட்டர் மதிப்பு கெடுவது கேஷ் வரியால்
வணக்கம். உங்கள் லினக்ஸ் டிரைவர் யூஎஸ்பி வழியே தரவைப் படித்ததும், ஒரே ஸ்ட்ரக்ட்டில் (மாறிகளின் தொகுப்பில்) பஃபருக்கு (தரவு வந்து சேரும் நினைவகப் பகுதிக்கு) அடுத்துள்ள கவுண்ட்டர் சில வேளைகளில் பழைய மதிப்புக்குத் திரும்பிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பஃபரின் முகவரி 4 பைட் எல்லையில் இருப்பதால் சீரமைப்பில் குறையில்லை என்கிறீர்கள்; அது யூஎஸ்பி கன்ட்ரோலரின் நிபந்தனை மட்டுமே. டிஎம்ஏவுடன் (சிபியூவின் வழியே வராமல் சாதனம் நேரே ரேமில் எழுதுவதுடன்) சிபியூவின் வேக நினைவகமான கேஷ் தானாக ஒத்திசையாத ஆர்ம் பலகைகளில், தரவு வந்து முடிந்ததும் கர்னல் அப்பகுதியின் கேஷ் வரிகளை (கேஷ் மொத்தமாகக் கையாளும் துண்டுகளை) செல்லாதவையாக்குவதால், ஒரே 64 பைட் வரியில் பஃபரோடு இடம் பகிரும் கவுண்ட்டரில் இடையே எழுதிய மதிப்பும் ரேமைச் சேராமலே அழிந்துபோகலாம். வன்பொருளே கேஷை ஒத்திசைத்துவிடும் எக்ஸ்86 கணினியில் இப்பிழை தலைகாட்டாததில் வியப்பில்லை.

பஃபரை ஸ்ட்ரக்ட்டிலிருந்து வெளியே எடுத்து, கர்னலில் நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் (kmalloc) கொண்டு தனியாக ஒதுக்குங்கள். ஸ்டாக்கில் வைப்பது கூடவே கூடாது. பஃபரின் தொடக்கத்திலிருந்து 2 பைட் தள்ளி முகவரியைக் கொடுப்பதையும் தவிருங்கள். யூஎஸ்பி கன்ட்ரோலரை இயக்கும் டிடபிள்யூசி2 (dwc2) டிரைவர் அதைத் தற்காலிக பஃபர் ஒன்றின் வழியே நகலெடுத்துச் சமாளித்துக்கொள்ளும் என்றாலும், அந்தச் சுமை ஒவ்வொரு பரிமாற்றத்திலும் உங்கள் வேகத்தைத் தின்னும்.