தலைப்பு கொடுத்தால் கோபம் எழுத்தாகுமா? – கேள்வி பதில்

நாள்தோறும் ஒரு தலைப்பையோ ஒரு கேள்வியையோ எடுத்துக்கொண்டு எழுதிப் பழகுவது பற்றியும், ஆட்சியின் மீதுள்ள ஆற்றாமையை அந்தப் பழக்கத்தின் வழியே எழுத்தாக்குவது பற்றியும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் எழுத்துப் பயிற்சி நடத்திவரும் அனுபவத்தைக் கொண்டு அவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவி): அம்மா, நாட்டு நடப்பைப் பார்த்தால் கோபம் பொங்குகிறது. எழுத உட்கார்ந்தால் "எல்லாரும் ஊழல்வாதிகள்" என்பதைத் தாண்டி ஒரு வரிகூட நகரவில்லை. தலைப்பு வைத்துக்கொண்டு எழுதுவது உதவுமா?

பதில்: உதவும். ஆனால் எந்தத் தலைப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஊழல்", "இன்றைய அரசியல்" என்று தலைப்பு வைத்தால், மேடையில் கேட்டதையும் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டதையும்தான் உங்கள் கை திருப்பி எழுதும். உங்கள் கருத்தைக் கேட்கும் தலைப்பை விட்டுவிட்டு, நீங்கள் கண்ணால் கண்டதைக் கேட்கும் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "உங்கள் தெருவுக்குள் கடைசியாக ஓர் அதிகாரி நடந்து வந்தது எப்போது, அவர் எந்த வீட்டு வாசலோடு திரும்பிப் போனார்?" என்று கேட்டுப் பாருங்கள். "வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் உங்கள் வீட்டுச் சுவரில் எந்தச் சின்னம் மிச்சமிருந்தது, அதைச் சுண்ணாம்படித்து மறைத்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு வரும் ஒரு பெண்மணிக்கு, "வீட்டில் அரசு முத்திரையுள்ள ஒரு தாளைப் பற்றி எழுதுக" என்று தலைப்பு கொடுத்தேன். அவர் தம் மாமியாரின் முதியோர் உதவித்தொகை மனு நகலை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினார். நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோய், பின்புறம் மருந்துச் சீட்டைக் கிழித்து ஒட்டிய தாள் அது. ஓரத்தில் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதியவர் தேதி போடவில்லை. மாமியார் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அந்தக் கட்டுரையில் ஊழல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, ஆனால் படித்து முடித்தபோது எங்கள் எல்லாருக்கும் தொண்டை அடைத்தது.

இது நம் மரபுக்குப் புதிதன்று. வரி மிகுதியாக வாங்கிய பாண்டியன் அறிவுடைநம்பியிடம் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (184) மன்னனை நேராகக் கடிந்து ஒரு சொல் வராது. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாளைக்கு வரும், யானையே வயலில் புகுந்தால் அது தின்பதைவிட அதன் காலடியில் அழிவது மிகுதி என்கிறார். உழவர் அன்றாடம் அறிந்த ஒரு வயலைக் கொண்டே அவர் அரசனோடு பேசிவிட்டார்.

கேள்வி (ஆம்பூர்): இத்தகைய தலைப்புகள் எங்கே கிடைக்கும்?

பதில்: மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு அருகில் சற்று நேரம் நின்று, மக்கள் தங்கள் குறையை எந்தச் சொல்லில் தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள். அந்த முதல் வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு தலைப்பாகும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு மனு கொடுக்கும் ஊரே பலருக்கு மாறியது, அதையும் ஒரு தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (குடியாத்தம், நெசவாளர்): நடந்ததை எழுத வருகிறது. கற்பனை கலந்து எழுத வரவில்லை. அதற்கு வழி உண்டா?

பதில்: நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது இரவுக் கூத்து பார்த்திருப்பீர்கள். துரியோதனன் கொலு வீற்றிருக்கையில், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து உள்ளூர்க் குடிநீரையும் ரேசன் கடையையும் இழுத்துப் பேசுவான், ராஜாவையே கேள்வி கேட்பான், கூட்டமும் அதை ஏற்றுக்கொள்ளும். உங்கள் தலைப்பு இதுதான்: சூதாட்டச் சபையில் எல்லாரும் தலைகுனிந்திருக்கும் வேளையில் கட்டியங்காரன் உங்கள் ஊர்க் கூலிப் பிரச்சினையைப் பேசுகிறான். அவன் என்ன கேட்கிறான், துரியோதனன் என்ன சொல்லி மழுப்புகிறான், வீடுமர் (பீஷ்மர்) ஏன் வாய் திறக்கவில்லை? உங்கள் குரலில் சொல்லத் தயங்கியவை அவன் குரலில் தடையின்றி வரும். எழுதியதை அன்றே யாருக்கும் அனுப்பாமல் ஓர் இரவு வைத்திருந்து, காலையில் உரக்கப் படித்துப் பாருங்கள்.

கேள்வி (ஆற்காடு, அரசுப் பள்ளி ஆசிரியர்): புனைபெயரில் ஆட்சியை விமர்சித்து எழுதலாமா?

பதில்: 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். புனைபெயர் அதற்குக் காப்பாகும் என்று நம்ப வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (வாணியம்பாடி): கேள்வி கேட்பதற்குப் பதிலாக ஒரு மறுப்பு சொல்கிறேன். தலைப்பு வைத்து எழுதி எழுதி நாம் கோபத்தைத் தணித்துக்கொள்கிறோம். வீதிக்கு வர வேண்டியவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் பாலாற்றுக்கு எழுத்து என்ன செய்தது?

பதில்: இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். எழுதியதும் மனம் லேசாகி, அதோடு அந்தப் பிரச்சினையையே மறந்துவிடுபவர்களை நானும் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய பாலாறே உங்களுக்கு விடையும் சொல்கிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதும், திண்டுக்கல் பக்கத்துப் பதின்மூன்று ஊர்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதும் அந்த வழக்கில் ஆய்வுகளின்படி எடுத்துவைக்கப்பட்டு, தீர்ப்பிலும் இடம்பெற்றன. 1996 ஆகஸ்டில் வந்த அந்தத் தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்னது. யாரோ ஒருவர் கிணறு கிணறாக நடந்து எண்ணி எழுதாமல் அந்த எண்கள் வந்திருக்க முடியாது.

அவரே மீண்டும்: தீர்ப்பு வந்தும் ஆறு மீளவில்லையே, அம்மா?

பதில்: முழுதாக மீளவில்லை, உண்மை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆணை வருவதற்கும், முன்னே எழுதி வைக்கப்பட்டவை எல்லாம் தேவைப்பட்டன.

இடையில் பேரணாம்பட்டிலிருந்து ஒருவர்: வாணியம்பாடிக்காரர் சொல்வதே சரி. கதையும் கவிதையும் வழக்கில் நிற்காது.

பதில்: வழக்கில் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணைப் பழக்குவது அந்த எழுத்துதான். தெருக்குழாயடியைப் பற்றிக் கதை எழுதியவர், தண்ணீர் வராத நாள்களைக் குறிப்பேட்டில் குறிக்கத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் இருவருக்கும் ஒரு வேண்டுகோள். எழுதிய ஒவ்வொன்றின் அடியிலும் "இதை யாரிடம் கேட்க வேண்டும்?" என்ற கேள்வியை எழுதுங்கள். விடை ஓர் அலுவலகம் என்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. விடை ஊராட்சி என்றால் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாணியம்பாடி நண்பர் கேட்கும் வீதியும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி (அரக்கோணம்): நூறு தலைப்புகள் கொண்ட பட்டியல் ஒன்று தர முடியுமா?

பதில்: தர மாட்டேன். ஆம்பூர் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சோளிங்கர்): தினமும் எத்தனை பக்கம் எழுத வேண்டும்?

பதில்: ஒரு பக்கம் போதும்.

கேள்வி (வாலாஜாப்பேட்டை): எங்கள் வார்டு உறுப்பினர் பெயரைப் போட்டே எழுதலாமா? கைது செய்வார்களா? அடுத்த வாரத்துக்குத் தலைப்பு ஒன்றும் கொடுங்கள்.

பதில்: தலைப்பை இன்று பலர் கேட்டுவிட்டார்கள், மேலே பாருங்கள். பெயர் பற்றிய கேள்விதான் முக்கியம். இணையத்தில் எழுதியவர்களைப் பிடிக்கப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் நீக்கிவிட்டது. அவதூறுச் சட்டம் இருக்கிறது, அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவு. பொதுநலனுக்காக உண்மையைச் சொல்வது குற்றமாகாது என்ற விலக்கு அதில் உண்டு, ஆனால் உண்மை என்று காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும். கையில் சான்று இல்லையென்றால் ஆளை விட்டுவிட்டு நாற்காலியை எழுதுங்கள், அவர் செய்ததாகக் கேள்விப்பட்டதை விட்டுவிட்டு நீங்கள் வாசலில் காத்திருந்ததை எழுதுங்கள். இதையும் ஓர் இரவு வைத்திருந்து காலையில் படித்துவிட்டுத்தான் பிறர் கையில் கொடுக்க வேண்டும்.

கேள்வி (திருப்பத்தூர்): யாருக்கு வாக்களிப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதில்: அது இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு உரிய கேள்வியன்று. "முதன்முதலாக வாக்களித்த நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.