அவன் ஏன் நடுங்கவில்லை?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் அறை எடுத்துத் தங்கி, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் அறை நண்பர்களோடு சேர்ந்து லேப்டாப்பில் 'லக்கி நம்பர் ஸ்லெவின்' பார்த்தேன். ஸ்லெவின் என்கிறவன் நிக் ஃபிஷர் என்பவனின் வீட்டில் தங்கியிருக்கிறான். அவனைத்தான் நிக் என்று நினைத்து நியூயார்க்கின் இரண்டு தாதாக்களும் ஆள் விட்டுத் தூக்கிப் போகிறார்கள். ஒருவருக்கு 96,000 டாலர் தர வேண்டும், இன்னொருவருக்கு 33,000. இவன் வாங்காத கடன். கடைசியில் பார்த்தால் அவன் தெரியாமல் மாட்டிக்கொண்டவனே இல்லை. சின்ன வயதில் தன் குடும்பத்தைக் கொன்றவர்களைப் பழிவாங்க அவனே போட்ட திட்டம் எல்லாம்.

நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் அவனுக்காகப் பயந்தேனே, அந்தப் பயம் வீணா? ரவுடிகளுக்கு நடுவில் இடுப்புத் துண்டோடு நின்றுகொண்டு அவன் எடக்காகப் பேசுவது வெறும் சினிமாத்தனம் என்று அப்போதே சொன்னேன். இன்னொன்று, பழிவாங்கும் இடத்தில் நானும் விசில் அடித்தேன். மறுநாள் பஸ்ஸில் போகும்போது அது உறுத்தியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி ஆள்மாறாட்டப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்றும் எழுதுங்கள்.

ர., லாஸ்பேட்டை

*

அன்புள்ள தம்பிக்கு,

படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவைச் சொல்லாமல் உனக்குப் பதில் எழுத முடியாது.

நீ போட்டிருக்கும் 'ஆள்மாறாட்டம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆள் மாறிப்போவது வேறு, ஆள்மாறாட்டம் வேறு. நம்மை இன்னொருவன் என்று பிறர் தவறாக நினைத்தால் ஆள் மாறிப்போயிற்று என்போம். நாமே இன்னொருவனாக நடித்தால் அது ஆள்மாறாட்டம். முதலாவது ஒருவன் தலையில் வந்து விழுவது. இரண்டாவது ஒருவன் தெரிந்தே செய்வது. இந்தப் படம் முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடிகிறது. உனக்கு ஏமாந்த உணர்வு வந்தது அந்த இடத்தில்தான்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் லண்டனிலிருந்து தப்பி, வேடம் மாற்றி, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். கப்பலில் அவர் சீக்கியர் வேடத்தில் இருந்தாராம். பெட்டியில் வி.வி.எஸ். என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஓர் உளவாளிக்குச் சந்தேகம் வர, 'வீர விக்ரம் சிங்' என்று சட்டென்று சொல்லித் தப்பினார் என்று சொல்வார்கள். நல்ல காரியத்துக்காகச் செய்த ஆள்மாறாட்டம். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியிருக்காது. நடுங்கியிருந்தால் அங்கேயே கைதாகியிருப்பார். (பாரதி ஒளிவுமறைவில்லாமல் 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டினார். இங்கே எங்கள் கடலூரில் பிடித்து உள்ளே வைத்தார்கள்.)

நிஜமாகவே ஆள் மாறிப் பிடிபட்டவன் எப்படி நிற்பான் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒருநாள் விடியற்காலை, கைலியும் பனியனுமாக, விரலில் பல்பொடியோடு வாசலில் நின்றவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் அப்படியே இன்னொருவனுக்கு இருந்தது. அந்த இன்னொருவன் மேல் ஏதோ ஒரு வழக்கு. அப்பா ஒரு சட்டையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். சித்தப்பா சுவரோரம் நின்றிருந்தார். கடைவாயில் பல்பொடி காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. "நான் அவன் இல்ல சார்" என்பதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் சன்னமாகிக்கொண்டே போனது. அவருடைய வலது முழங்கால் தானாக ஆடியது, கைலியின் மடிப்பும் அதோடு ஆடியது. கல்யாணம் எந்த வருடம் என்று கேட்டார்கள். அவருக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான்.

வயதான ஏட்டு ஒருவர் மதியம் டூட்டிக்கு வந்தார். சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் அவன் இல்லைங்க" என்றார். அதற்கப்புறமும் சாயங்காலம் வரை வைத்திருந்துவிட்டுத்தான் "சரி, போ" என்றார்கள். அதன் பிறகு ரேஷன் கார்டின் ஜெராக்ஸ் ஒன்று, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடைசி வரை அவர் சட்டைப்பையில் இருந்தது.

இப்போது ஸ்லெவினை நினைத்துப் பார். அவனிடம் அடையாளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பர்ஸை வழிப்பறிக்காரன் கொண்டுபோய்விட்டான், மூக்கும் உடைந்துவிட்டது என்கிறான். என் சித்தப்பா நிலையில்தான் அவன் நிற்கிறான். ஆனால் நடுங்கவில்லை. வாய்க்கு வாய் பதில் சொல்கிறான். எதற்கும் கவலைப்படாத ஒரு நிலை தனக்கு இருப்பதாக அதற்கு ஒரு பெயரும் சொல்கிறான். நீ அதைச் சினிமாத்தனம் என்றாய். உன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, படம் அங்கேதான் உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. ஆள் மாறிப் பிடிபட்டவன் இப்படிப் பேச மாட்டான் என்று உனக்குத் தோன்றியதே, அதைக் கொஞ்சம் நம்பியிருந்தால் முடிச்சை நீயே பாதியில் அவிழ்த்திருப்பாய். ஸ்டைல் என்று நாம் சொல்கிற எல்லாமே, கண்ணைப் பறிக்கும் அந்தச் சுவர்த்தாள்கள், எதிரெதிர் கட்டடங்களில் உட்கார்ந்திருக்கும் இரண்டு தாதாக்கள், பந்து விளையாடுவது போன்ற வசனம், எல்லாம் நம்மை வேறு பக்கம் பார்க்க வைக்கத்தான். வாடகைக் கொலையாளியாக வரும் புரூஸ் வில்லிஸ் முதல் காட்சியிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்: எல்லோரும் வலப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கம் போவது. சொல்லிவிட்டு ஏமாற்றுவதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். இயக்குநர் பால் மெக்கீகன் நம்மிடம் நேர்மையாகவே ஆடியிருக்கிறார். 2006இல் வந்த படம். இன்றைக்கு இரண்டாவது முறை பார்த்தாலும் ஓட்டை அதிகம் தெரியாது.

ஆனால் உன் பயம் வீணா என்று கேட்டாய். ஆமாம், அதை மட்டும் படம் நமக்குத் திருப்பித் தரவில்லை. சொல்வதைக் கேட்க ஆளில்லாத ஒருவனுக்காக நீ பயந்தாய். அப்படி ஒருவன் இந்தக் கதையில் இல்லவே இல்லை என்று கடைசியில் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னும் உற்றுப் பார்த்தால் அப்படி ஒருவன் இருக்கிறான். பெயர் நிக் ஃபிஷர். முதல் காட்சியில் புரூஸ் வில்லிஸிடம் கதை கேட்டுக்கொண்டே கழுத்து முறிந்து சாகிறானே, அவன்தான். இரண்டு தாதாக்களுக்கும் கடன்பட்டவன் என்பதால், ஸ்லெவினும் அந்தக் கொலையாளியும் சேர்ந்து போட்ட திட்டத்துக்கு அவன் பெயர் தேவைப்பட்டது. சூதாடிக் கடன்பட்டதைத் தவிர அவன் இவர்களுக்கு என்ன செய்தான்? பஸ்ஸில் உனக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழிவாங்கல் எங்கிருந்து தொடங்கியது என்று பார். குதிரைப் பந்தயத்தில் அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டினார். அந்தத் தவறுக்காக அம்மாவைக் கொன்றார்கள், ஒன்றும் அறியாத பிள்ளையையும் கொன்றுவிடச் சொன்னார்கள். அப்பன் செய்ததற்குப் பிள்ளை தண்டனை அனுபவிப்பது அநியாயம் என்று நம் நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கொதிப்பை வைத்துத்தான் படமே ஓடுகிறது. சரி, அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன செய்கிறான்? இரண்டு தாதாக்களின் மகன்களும் சாகிறார்கள். பழைய கொலை நடந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பன்களுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகவும், திட்டம் நகர வேண்டும் என்பதற்காகவும் சாகிறார்கள். தனக்கு நடந்த அதே அநியாயத்தை அவன் இரண்டு முறை செய்கிறான். அந்த இடத்தில் படம் ஒரு நொடி நிற்கவில்லை. நின்றிருந்தால் நீயும் விசிலை நிறுத்தியிருப்பாய். எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் வருத்தம் இதுதான், பெரிய வருத்தம்.

பழிவாங்கும் கதையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம்முடைய முதல் காப்பியமே இந்தக் கதைதான். சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், சிலம்பு விற்க வந்த கோவலனைக் காட்டி இவன்தான் கள்வன் என்கிறான். கொல்லப் போன காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது. 'இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன், கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். அந்த வரியை வகுப்பில் படித்தபோது எனக்கு அந்த ஏட்டு முகம்தான் தெரிந்தது. ஆனால் அங்கே பொற்கொல்லன் பேசியே அவர்கள் வாயை அடைத்துவிடுகிறான். கல்லாத களிமகன் ஒருவன், குடிகாரன், வாளை வீசிவிடுகிறான். அதற்கப்புறம் கண்ணகி எவ்வளவு கோபத்தில் இருந்தாள் என்று உனக்கே தெரியும். அந்தக் கோபத்திலும், தீக்கடவுள் அவள்முன் வந்து நின்றபோது, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீத்திறத்தார் (தீயவர்கள்) பக்கமே சேர்க என்று சொல்லித்தான் மதுரையை எரிக்கிறாள். அந்தப் பட்டியல் முழுவதையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகளையும் கிழவர்களையும் ஒதுக்கிவிட அவளுக்குத் தோன்றியதே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்லெவினுக்கு அது தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை மட்டும் காப்பாற்றுகிறான், அவள் மேல் அவனுக்குக் காதல் வந்துவிட்டதால்.

பிடித்த படம் கேட்டிருந்தாய். ஹிட்ச்காக் 1956இல் எடுத்த 'தி ராங் மேன்'. உன் சொல்லில் சேராது, அது ஆள் மாறிப்போன கதை. நடந்த கதையும்கூட. நியூயார்க்கில் இரவு விடுதி ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த மேனி பலஸ்ட்ரேரோ என்ற இசைக்கலைஞர், மனைவியின் பல் வைத்தியச் செலவுக்காக இன்சூரன்ஸ் பாலிசி மேல் கடன் கேட்கப் போனார். முன்பு அங்கே கொள்ளையடித்தவன் இவன்தான் என்று அங்கிருந்த பெண்கள் நினைத்துவிட்டார்கள். 1953 ஜனவரியில் கைது. பிற்பாடு உண்மையான திருடன் பிடிபட்டு இவர் விடுதலையானார். இதில் திருப்பம், ஸ்டைல், கைதட்டல் எதுவும் கிடையாது. ஹென்றி ஃபாண்டா எடக்காக ஒரு வசனம் பேச மாட்டார். கறுப்பு வெள்ளை. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அதில் கணவனை விட்டுவிட்டு மனைவியைக் கவனி. வழக்கு நடக்கும்போதே அவள் மனம் உடைந்துவிடுகிறது. அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகு ஓடிப்போய் அவளிடம் சொல்கிறான். அவள் முகத்தில் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. முதல்முறை பார்த்தபோது என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. என் சித்தி ஞாபகம் வந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு இருட்டினதும் சித்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிடுவார். கடை சாத்திவிட்டு ஒன்பது மணிக்கு வரும் சித்தப்பா கதவைத் தட்டினால் "யாரு?" என்பார். "நான்தான்" என்றால் போதாது. தெருவில் நின்றுகொண்டு சித்தப்பா தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் முழுசாகச் சொல்வார். அப்புறம்தான் கதவு திறக்கும்.

பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்