வாசகர் கேள்வி – பதில்: சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு

சைக்கிளில் கடமைக்குச் சென்று வருவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகின்றோம்.

கேள்வி: நான் ஆரையம்பதியில் வசிக்கும் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். மட்டக்களப்பு நகரிலுள்ள அலுவலகத்துக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரம். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது சைக்கிளில் சென்று வந்தேன்; பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிவிட்டேன். இப்போது இரத்தத்தில் சீனி கூடியிருப்பதால் உடலுக்கு வேலை கொடுக்கும்படி வைத்தியர் கூறுகின்றார். எனக்கு 45 வயது. வியர்வையோடு அலுவலகம் போய்ச் சேர்வதும் கச்சான் காற்றுக் காலத்து வெக்கையும்தான் தயக்கம் தருகின்றன. மீண்டும் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் 2022 ஆம் ஆண்டு அனுபவத்தை மட்டும் வைத்து இன்றைய பயணத்தை மதிப்பிட வேண்டாம். அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவாக இருந்தது. அந்த விலைக்கும் கிடைக்காத நாட்கள் பல. அதனால் வீதியில் வாகனமே குறைவாக இருந்தது. இன்று தூரம் அதேதான், வீதி அதுவன்று.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 13 அல்லது 14 கிலோமீற்றர் வேகம் எவருக்கும் வரும். எனவே 8 கிலோமீற்றர் தூரத்துக்கு 35 முதல் 40 நிமிடங்கள் போதும். எமது கரையோரம் தட்டையான நிலம் என்பதால், கல்லடிப் பாலத்தின் இலேசான ஏற்றத்தைத் தவிர உங்கள் வழியில் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. கால் பலத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் காற்றையும் வெயிலையும் வீதி ஓரத்தையும் பற்றி யோசிப்பதே பயன் தரும்.

நீங்கள் காலையில் வடமேற்காகச் சென்று மாலையில் தென்கிழக்காகத் திரும்புகின்றீர்கள். ஆகவே இரு வேளையும் சூரியன் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கத்திலேயே இருக்கும். கண் கூசாது, பின்னால் வரும் சாரதிக்கும் நீங்கள் தெளிவாகத் தெரிவீர்கள். (ஏறாவூர், செங்கலடிப் பக்கமிருந்து நகருக்கு வருவோருக்கு இது நேர்மாறு. காலையும் மாலையும் வெயில் முகத்துக்கு நேரே வரும். அவர்களைப் பின்தொடரும் சாரதிகளுக்கும் அதே கூச்சம்தான். அவர்கள் பகலிலும் பின்புறச் சிவப்பு விளக்கை எரியவிட்டுச் செல்வது நல்லது.) காற்றைப் பொறுத்தவரையில், தென்மேற்கிலிருந்து வரும் கச்சானானாலும் பிற்பகலில் எழும் கடற்காற்றானாலும் உங்களுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே அடிக்கும். வீடுகளும் மதில்களும் மரங்களும் மறைப்பாக உள்ள இடங்களில் அது உறைக்காது. கல்லடிப் பாலத்தில் மறைப்பு எதுவுமில்லாததால் திடீரென்று தள்ளும். அங்கு இரு கைகளாலும் பிடித்து, ஓரத்திலிருந்து சற்று இடைவெளி விட்டுச் செல்லுங்கள். 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் 1924 இல் கட்டிமுடிக்கப்பட்ட பழைய பாலத்தைவிட மிக அகலமானது. அகலம் கூடிய இடத்தில் வாகனங்களின் வேகமும் கூடிவிடுகின்றது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

வியர்வை விடயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மிதித்துக்கொண்டிருக்கும்போது உடலில் காற்றுப் படுவதால் வியர்வை அவ்வப்போதே உலர்ந்துவிடும். நின்ற பிறகுதான் அது பெருகுகின்றது. ஆகவே கடைசி ஒரு கிலோமீற்றரை மிக மெதுவாகச் சென்று, அலுவலக வளவில் பத்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டுச் சட்டையை மாற்றுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கரியரில் கட்டுங்கள். முதுகுப் பைதான் சட்டையை நனைக்கும். அலுவலகம் 8.30 மணிக்கு என்றால் வீட்டிலிருந்து 7 மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். கச்சான் காலத்தில் இப்படி அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுவது மிகப் பெரிய வித்தியாசத்தைத் தரும். மாலையில் 4.15 மணிக்கே வெளிக்கிடாமல் ஐந்து மணிவரை பொறுத்தால் வெக்கையும் தணிந்துவிடும், கடற்காற்றும் கிடைக்கும்.

உங்கள் வழியில் மிகுந்த கவனம் வேண்டிய பகுதி காத்தான்குடிப் பிரதான வீதி. கடைகளுக்கு முன்னால் நிறுத்திய முச்சக்கர வண்டிகள், திடீரெனத் திறக்கப்படும் வாகனக் கதவுகள், இடப்பக்கம் வெட்டி நிறுத்தும் பஸ்கள் ஆகியவை எல்லாம் அங்கு ஒன்றாக இருக்கும். நிறுத்தப்பட்ட வாகனங்களிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நேர்கோட்டில் செல்லுங்கள். இடைவெளி கண்ட இடமெல்லாம் உள்ளே புகுந்து வெளியே வந்தால், பின்னால் வருபவருக்கு உங்கள் போக்கு விளங்காது. நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கத்தால் நுழைவதை அறவே விட்டுவிடுங்கள். இந்த நெரிசல் பிடிக்கவில்லையென்றால் பிரதான வீதிக்குச் சமாந்தரமான உள்வீதிகளில் சிறிது தூரம் செல்லலாம். சில நிமிடங்கள் கூடும், மனம் ஆறுதலாக இருக்கும்.

சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், புதிதாக இவ்வளவு உடலுழைப்புச் சேரப்போவதை வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். வெறும் வயிற்றில் புறப்பட வேண்டாம். வழியில் சீனி திடீரெனக் குறைந்தால் உண்பதற்குச் சட்டைப் பையில் இரண்டு இனிப்பு இருக்கட்டும். முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் சென்றால் போதும்.

கேள்வி: குருக்கள்மடத்தில் வசிக்கும் ஆசிரியை நான். படகுப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையில்) வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து படுவான்கரையிலுள்ள பாடசாலைக்குச் சில கிலோமீற்றர் செல்ல வேண்டும். சேலை உடுத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது பாதுகாப்பானதா? பாதையில் சைக்கிளை எப்படி வைத்திருப்பது?

பதில்: சகோதரி, சேலையோடு சைக்கிள் மிதித்துப் பாடசாலை செல்லும் ஆசிரியைமார் எமது மாவட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். குறுக்குப் பார் இல்லாத பெண்கள் சைக்கிளாக இருந்தாலே ஏறி இறங்குவதில் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். ஆனால் சேலை சிக்கும் இடங்கள் இரண்டு உள்ளன: ஒன்று செயின், மற்றையது பின்சில்லின் கம்பிகள். செயினை முற்றாக மூடும் கவர் போடுங்கள். மேற்பக்கத்தை மட்டும் மறைக்கும் அரைக் கவர் சேலைக்குப் போதாது. பின்சில்லின் இரு புறமும் மட்காட்டிலிருந்து அச்சுவரை வலை கட்டித் தரும்படி சைக்கிள் திருத்துபவரிடம் கேளுங்கள். கரியரில் அகலமான கூடையோ பையோ கட்டினால் முந்தானை பின்னால் விழுந்தாலும் கம்பிக்குள் போகாது. முந்தானையைத் தோளில் ஊசி குத்திவிட்டு, நுனியை முன்னால் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பாடசாலையில் உடை மாற்ற வசதி இருந்தால் சுடிதாரில் சென்று அங்கே சேலைக்கு மாறுவதே எல்லாவற்றிலும் சுகமான வழி. அதற்கு ஓர் அறை ஒதுக்கித் தருவது அதிபருக்குப் பெரிய காரியமல்ல. கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

பாதையில் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு விலகி நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிள்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் தளம் ஆடும். இருக்கையை இடுப்போடு சாய்த்து, பிரேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள். ஏறும் பலகை ஈரமாக இருந்தால் மிதித்து ஏறாமல் தள்ளிக்கொண்டே ஏறுங்கள். காற்று மழைக் காலத்தில் பாதை தாமதமாகும் நாட்களுக்கு மாற்று வழியையும் யோசித்து வையுங்கள். 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் உங்களுக்குப் பெரிய சுற்றுவழி. அதைச் சைக்கிளில் சுற்றுவதைவிட, அத்தகைய நாட்களில் சக ஆசிரியர் ஒருவரின் வாகனத்தில் இடம் கேட்டு வைப்பதே மேல்.

கேள்வி: கல்லடியில் கடற்கரைக்கு அருகில் குடியிருக்கின்றோம். புதிய செயின் போட்டாலும் சில மாதங்களில் துருப்பிடித்துவிடுகின்றது. தேங்காய் எண்ணெய் பூசலாம் என்கின்றனர் சிலர். கராஜில் கிடைக்கும் பழைய ஒயில் போதும் என்கின்றனர் வேறு சிலர். எது சரி?

பதில்: இரண்டும் சரியல்ல. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடிக்கும். வாகனத்திலிருந்து கழித்த ஒயிலில் நுண்ணிய உலோகத் துகள்களும் கரியும் கலந்திருப்பதால், அது செயினைக் காப்பதற்குப் பதில் அரிக்கும். கிறீஸ் பூசுவோரும் உண்டு. மணல் பறக்கும் கரையோரத்தில் அது மிகத் தவறு. தையல் இயந்திர ஒயில் மெல்லியது, ஆகவே அடிக்கடி போட வேண்டும். சைக்கிள் செயினுக்கென்று விற்கும் ஒயில் கிடைத்தால் அதுவே சிறந்தது.

எந்த ஒயில் என்பதைவிட எப்படிப் போடுகின்றோம் என்பதே முக்கியம். முதலில் பழைய துணியால் செயினை அழுத்தித் துடைத்து மணலையும் பழைய அழுக்கையும் எடுங்கள். பின்னர் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அதன்பின் வெளியே தெரியும் ஒயில் முழுவதையும் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. செயின் பளபளவென்று ஒயிலில் மிதந்தால்தான் நல்லது என்று நினைக்கின்றனர். ஒயில் வேண்டியது கண்ணிக்கு உள்ளே. வெளியே நிற்கும் ஒயில் மணலுக்குத்தான் அழைப்பு வைக்கும். கடற்கரைக்கு அருகில் இருப்போர் வாரம் ஒரு முறை துடைத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை ஒயில் விட்டால் போதும். மழையில் நனைந்தால் அன்றே செய்ய வேண்டும். இரவில் சைக்கிளை முற்றத்தில் விடாமல் விறாந்தையிலோ அறையிலோ வையுங்கள், ஏனெனில் உப்பு ஈரம் இரவு முழுவதும் படியும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ரிம்மையும் கம்பிகளையும் துடைத்து உலரவிடுங்கள். அப்போது பிரேக் கட்டையில் மணல் பதிந்திருக்கின்றதா என்றும் பாருங்கள். பதிந்த மணல் ரிம்மை அராவிவிடும்.

கேள்வி: காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி ஊடாகச் சம்மாந்துறையிலுள்ள நெல் ஆலைக்குக் கணக்கு வேலைக்குச் செல்கின்றேன். திரும்பும்போது இரவு எட்டு மணியாகிவிடும். வயல்வெளியில் இருட்டு, கட்டாக்காலி மாடுகள். மாரியில் வீதிக்கு மேலே வெள்ளம். என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: வெள்ளத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் அதே காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துச் சென்றது, உயிர்கள் பலியாயின. உழவு இயந்திரம் நிற்காத நீரில் சைக்கிள் நிற்காது. வீதிக்கு மேலே நீர் ஓடிக்கொண்டிருந்தால், முழங்காலுக்குக் கீழேதான் என்று தோன்றினாலும், இறங்கி உருட்டிச் செல்லவும் முயல வேண்டாம்; அன்றிரவு சம்மாந்துறையிலேயே தங்கிவிடுங்கள். ஆலை முதலாளியிடம் மாரி தொடங்கும் முன்பே இதைப் பேசி வையுங்கள். தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரைக் கடக்க நேர்ந்தால், கடந்தவுடன் பிரேக்கை இலேசாகப் பலமுறை பிடித்து விடுங்கள். ரிம் நனைந்திருக்கும்போது, குறிப்பாக இரும்பு ரிம்மில், பிரேக் தாமதமாகவே பிடிக்கும்.

இருட்டுக்கு டைனமோ விளக்கு மட்டும் போதாது. நீங்கள் நின்றவுடன் அதுவும் அணைந்துவிடும். பற்றரியில் எரியும் சிவப்பு விளக்கொன்றைப் பின்னால் பூட்டுங்கள். பெடல்களில் ஒளி தெறிக்கும் மஞ்சள் வில்லைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை மேலும் கீழும் அசைவதால், முன்னே போவது சைக்கிள் என்பது தூரத்திலேயே சாரதிக்கு விளங்கிவிடும். எதிரே வரும் வாகனம் விளக்கைத் தாழ்த்தாவிட்டால் அதைப் பார்க்காமல் வீதியின் இடது ஓரத்தைப் பார்த்தபடி மெதுவாகச் செல்லுங்கள். மாடுகள் இரவில் தாரின் சூட்டுக்காக வீதியிலேயே படுத்துவிடும். கறுத்த மாடு விளக்கு வெளிச்சத்திலும் கிட்ட வரும்வரை தெரியாது. உங்கள் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் வேகமாக இருக்கட்டும். பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதி ஓரத்தில் நெல் காயப்போடுவார்கள். அதனால் நீங்கள் வீதியின் நடுப்பக்கம் விலக நேரும். விலகுவதற்கு முன் திரும்பிப் பாருங்கள். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதை மட்டும் இந்த வீதியில் செய்யவே வேண்டாம்.

கேள்வி: அக்கரைப்பற்றில் வங்கியொன்றில் வேலை, வீடு ஐந்து கிலோமீற்றரில். கியர் உள்ள புதிய சைக்கிளா, பாவித்த ஜப்பான் சைக்கிளா, சாதாரண லுமாலா சைக்கிளா?

பதில்: உங்கள் தூரத்துக்கும் எமது தட்டை நிலத்துக்கும் பதினெட்டு, இருபத்தொரு கியர் தேவையில்லை, அவை மணலிலும் உப்பிலும் பராமரிக்கச் சிரமமானவை. சாதாரண சைக்கிளே போதும். உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம். பாவித்த ஜப்பான் சைக்கிள்களுள் பின் அச்சுக்குள்ளேயே மூன்று கியர் அமைந்தவை வரும். எதிர்க்காற்றுக்கு அவை மிக உகந்தவை. கியர் உள்ளே மூடியிருப்பதால் மணலும் போகாது. வாங்குவதானால் டயரின் பக்கத்தில் எழுதியுள்ள அளவைக் குறித்துக்கொண்டு, அந்த அளவு டயரும் டியூப்பும் அக்கரைப்பற்றுக் கடைகளில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். எமது பக்கத்தில் பலரும் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு, முழங்கால் நோகின்றது என்று சைக்கிளையே கைவிட்டுவிடுகின்றனர்.