பல்லுக்கு கிளிப் போட கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எத்துப்பல்லுக்கு கிளிப் போடச் சொல்கிறார் டாக்டர். உலோகக் கிளிப் என்றால் 45,000 ரூபாய், வெளியே தெரியாத அலைனர் (பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை) என்றால் 1.6 லட்சம். அலைனருக்கு ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ உண்டாம், மகளும் அதைத்தான் கேட்கிறாள். மாதம் 5,000 மிச்சம் பிடிக்கிறோம், அதில் 3,000 ஆர்.டி.க்குப் போகிறது. அவசரத்துக்கென்று பேங்க்கில் 40,000 இருக்கிறது. செல்வமகள் கணக்கில் எடுக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: செல்வமகள் கணக்கில் எடுக்க முடியாது. மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, 18 வயது ஆன பிறகோதான் எடுக்கலாம். அதுவும் மேற்படிப்புக்காக, ஒரு பகுதியை மட்டும். சாதாரண மருத்துவக் காப்பீட்டில், விபத்தில் பல் அடிபட்டால்தான் கிடைக்கும், கிளிப்புக்குக் கிடைக்காது. நகை பீரோவிலேயே இருக்கட்டும். இது கடன் வாங்கிச் செய்ய வேண்டிய செலவே இல்லை.

ஏனென்றால், கிளிப் சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் ஓடும். மாதாமாதம் போய் கம்பியை மாற்றி இறுக்கிக்கொண்டு வர வேண்டும். வேலை மாதாமாதம் நடக்கும்போது பணமும் அப்படியே போகட்டுமே! பெரும்பாலான டாக்டர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை ஒவ்வொரு முறை வரும்போதும் கொடுக்கச் சொல்வார்கள். 12,000 முன்பணம் என்றால், மீதி 33,000. 22 மாதத்துக்கு மாதம் 1,500. ஆர்.டி.யைத் தொடாமலே கட்டிவிடலாம். முன்பணத்தை அந்த 40,000-லிருந்து எடுங்கள், ஆர்.டி. முதிர்ந்ததும் முதல் வேலையாகத் திருப்பி வையுங்கள்.

‘வட்டியில்லா இ.எம்.ஐ.’யில் நடப்பது வேறு. கடன் நிறுவனம் கிளினிக்குக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும், கடன் உங்கள் பெயரில் நிற்கும். பாதியில் டாக்டர் மாறினாலும், வேலை பிடிக்காவிட்டாலும் தவணை நிற்காது. “ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், குறைத்தால், அந்த வித்தியாசம்தான் வட்டி. செயலாக்கக் கட்டணத்தையும் கேளுங்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைத் தாளில் தர வேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி.

அலைனரைப் பற்றி மகளிடமே பேசுங்கள். அதை நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும், சாப்பிடும்போது கழற்ற வேண்டும். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைத்து, டிபன் பாக்ஸைக் கழுவும்போது அதையும் சேர்த்துக் குப்பையில் போடும் வயசு இது! தொலைந்தால் புதிது செய்யத் தனிக் காசு. ஒட்டின கிளிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

வேறு ஒரு டாக்டரிடமும் காட்டுங்கள். மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வதால் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் காத்திருக்க வேண்டும். பஸ் செலவையும் மாதம் ஒரு நாள் பள்ளி லீவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

எங்கே போட்டாலும், 45,000-க்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்: எக்ஸ்ரே, பல் பிடுங்குவது, கிளீனிங், பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டு) பெயர்ந்தால் மறுபடி ஒட்டுவது. கடலை மிட்டாய், முறுக்கு, கரும்பு எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். சொத்தை இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும். போட்ட பிறகு கம்பிக்கு அடியில் சாதம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஃப்ளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் தேய்த்து, கம்பி இடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ்ஷையும் போட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்துக் கழற்றும்போது, பல் வரிசையாகவும் மேலே வெள்ளை வெள்ளையாகக் கறையோடும் இருக்கும், அடுத்து சொத்தைக்கு வேறு செலவு. அந்த பிரஷ்ஷில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடைசியாக ரீடெய்னர், அதாவது சரிசெய்த பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் கருவி. கிளிப்பைக் கழற்றியதும் இதைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். பல இடங்களில் இது பேக்கேஜில் சேராது. ஆர்.டி.யும் கிளிப் பணமும் போக மாதம் மிச்சமாகும் 500 ரூபாயை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.